பள்ளத்து மான்

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமையும் யுவனேஸ்வரன் வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தான். வேட்டைத் துவக்கு இருந்தது, சுடுதண்ணிப் போத்தல் இருந்தது, குளிரில் வெடித்த உதடு இருந்தது. மானைத்தான் காணவில்லை.

லண்டன் நோர்பரியில் அவர்களுடைய தெருவில் மத்தியானமாகியும் கார்க் கண்ணாடிகளில் உறைந்த பனி இளகவில்லை. வீட்டு வாசலில் கிருஷ்ணராசாவின் வெள்ளை வேன் நின்றது. அதைக் கண்டதும் யுவனேஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேரும் ஒரே காட்டுக்குத்தான் போனார்கள். விடிய முதல் போய்ப் பன்னிரண்டு மணிவரை குந்தியிருந்தவன் இவன். ஆறுதலாக வந்து, பதினொரு மணிக்கு ஒரு வெடி வைத்துவிட்டு, இவனுக்கு முதலே இவன் வீட்டில் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர் அவர். அவர் இவன் மனைவி சிவகௌரியின் கூடப்பிறந்த அண்ணன். ஆகவே வெளியில் நில்லுங்கோ என்று சொல்லவும் வழியில்லை.

குசினியில் தமிழ்க் கடை விளம்பரத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு முழுப் பின்னங்கால் கிடந்தது. போன கிழமை விழுந்த மானின் கால். பண்ணைக் குளிர் அறையில் ஏழு நாள் தொங்கிப் பதமாகியிருந்தது. கிருஷ்ணராசா எலும்போடு கத்தியை ஓடவிட்டுச் சவ்வை உரித்துக்கொண்டிருந்தார். கௌரி மாவைப் புட்டுக் குழலில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வந்திட்டீங்களோ? கையைக் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. புட்டு இப்ப இறங்கிவிடும்," என்றாள் கௌரி. மான் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்கு இன்னும் சுட்டது.

"என்ன மச்சான், இண்டைக்கும் ஒண்டையும் காணேல்லையோ?" என்றார் கிருஷ்ணராசா.

"காணேல்லை. உங்கட பக்கம் வெடிச் சத்தம் கேட்டுது."

"ஓம். ஒரு பெட்டை. நல்ல மான் மச்சான், பருவம் முடியிற நேரத்திலையும் சிறுநீரகத்தைச் சுத்தி அரை விரல் கொழுப்பு. இந்தக் குளிருக்குள்ளை எங்கை திண்டுதோ தெரியேல்லை."

எங்கை திண்டுது, என்ரை பக்கத்திலைதான், என்று யுவனேஸ்வரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"நான் உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? நவம்பரிலை எண்டால் விடியேக்கை வரும், சரி. இப்ப இந்த விறைப்புக்கை அது என்னத்துக்கு விடியக்காலமை எழும்புது? அதுக்கென்ன ஷிப்டே? மேயவும் ஒண்டுமில்லை, ஐவிக் கொடியும் முள்ளுப் பத்தையும்தான். திண்டு கிடைக்கிற சூட்டை நடந்து துலைக்க அதுக்கு விசரோ? காத்துப் படாத பத்தைக்குள்ளை சுருண்டு படுத்திருக்கும். பத்து, பத்தரைக்கு வெயில் விழுந்தாப்போலைதான் மெல்ல மெல்ல அசையும். நீ ஒன்பதரைக்கு வா, காணும். அதுவரைக்கும் போர்த்துக்கொண்டு படு."

"பனி கொட்டப்போற நாளிலையும் உப்பிடித்தானோ?"

"அது வேறை கதை. பனி வரமுதல் நாள் அது மணந்து பிடிச்சிடும். அண்டைக்கு நாள் முழுக்க நிண்டு திண்ணும். வந்தாப்பிறகு ரெண்டு நாளைக்கு ஆளைக் காணேலாது. உதெல்லாம் எங்கட ஒட்டுசுட்டான் காட்டு மரைக்கும் இந்த மானுக்கும் ஒண்டுதான் மச்சான். அங்கை மழை, இஞ்ச பனி. வெள்ளைக்காரன் எங்கட மரையைக்கூட எல்க் எண்டுதானே எழுதி வைச்சிட்டுப் போனவன்." அவர் சிரித்தார். "காடில்லாத கொக்குவில் ஆக்களுக்கு உது எங்கை விளங்கப்போகுது. மானைக் கறிச்சட்டிக்குள்ளை மட்டும் கண்டனீங்கள்."

கௌரியும் சிரித்தாள். அண்ணன் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். யுவனேஸ்வரன் புட்டைப் பிசைந்து சாப்பிட்டான். இறைச்சிப் பிரட்டல் அருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவன் மனம் ஒரே கேள்வியைக் கேட்டது. ஒன்பதரைவரை என்னைக் காட்டுக்கு வராதே என்று இந்த மனிதர் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் சொல்கிறார்?

காட்டின் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். லண்டனிலிருந்து தெற்கே முக்கால் மணி நேர ஓட்டத்தில், சரே மலைப் பக்கம் கொலின் என்ற எழுபது வயதுப் பண்ணைக்காரருக்கு ஒரு காடு இருந்தது. அவர் நட்ட இளம் ஓக் கன்றுகளை மான்கள் பட்டையோடு உரித்துத் தின்றன. பிணை மான்களைச் சுட மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்தான் சட்டம் விடும். அதற்குள் பதினாறு பிணை விழவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆட்களுக்குக் காட்டைக் கொடுத்துவிடுவேன் என்பது கொலினுடைய பேச்சு. துவக்கோடு காட்டுக்குள் கால் வைக்கமுதல் அவருக்கும் மற்றவருக்கும் செய்தி அனுப்பவேண்டும் என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. ஒரு காட்டுக்குள் இரண்டு துவக்கு நின்று, ஒன்றுக்கு மற்றது எங்கே என்று தெரியாவிட்டால் மனிதன் விழுந்துவிடுவான்.

காட்டின் நடுவே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்கு வெயில் விழுகிற சரிவு, அது கிருஷ்ணராசாவின் பங்கு. இந்தப் பக்கம் முள்ளிலை ஹொலி மரங்கள் அடர்ந்த பள்ளம், அது யுவனேஸ்வரனின் பங்கு. பள்ளத்தின் மேல் விளிம்பில் ஒரு பைன் மரத்தில் ஏணி சாய்த்துக் கட்டி, உச்சியில் ஒரு பலகை போட்ட பரண். பங்கு பிரித்ததும் கிருஷ்ணராசாதான். பள்ளத்தை உனக்குத் தாறன் மச்சான், மான் படுக்கிற இடம் அதுதான் என்று அவர் சொன்னபோது யுவனேஸ்வரனுக்குச் சந்தோசமாக இருந்தது. இப்போது கணக்கு ஒன்பதுக்குப் பூச்சியம்.

கிருஷ்ணராசா பஸ் ஓட்டுபவர். மனைவி போய் நான்கு வருடம். தோர்ன்டன் ஹீத்தில் தனியாக இருந்தார். அந்தக் காடும் துவக்கும் இல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கௌரி அடிக்கடி சொல்வாள். அவருடைய வேட்டை ஜக்கெட் ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. தோட்டத்துக் கொட்டிலில், காட்டிலிருந்து அள்ளிவந்த சருகு நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடக்கும். மனுசி இல்லாத வீடு, அப்படித்தான் குப்பையாகக் கிடக்கும் என்று யுவனேஸ்வரன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

கிருஷ்ணராசா போனபிறகு கௌரி சட்டியைத் தேய்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஒரு சந்தேகம்."

யுவனேஸ்வரன் நிமிர்ந்தான். இவளுக்கும் அண்ணனில் சந்தேகம் வந்துவிட்டதா?

"உங்களுக்குக் கண்ணூறு. துவக்கோடை நிண்ட படத்தை ஏன் வேலைக் குறூப்பிலை போட்டனீங்கள்? உங்கட பெற்றோல் ஸ்டேசனிலை ஆர் என்ன மனசோடை பாத்தினமோ."

"விசர்க் கதை கதையாதையும்."

"கதையேல்லை. கார்த்திகையிலை இருந்து வெள்ளிக்கு வெள்ளி உங்கட சாமானுகளுக்கும் சேத்துத்தான் சாம்பிராணி காட்டிறன். இன்னும் கொஞ்சம் கூடக் காட்டவேணும் போலை."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவனுக்கு யோசிக்க வேறு ஆள் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கௌரி சொன்னபடி சாம்பிராணியை இன்னும் கூடக் காட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து, முழுகி, மரக்கறி மட்டும் சமைத்து, விளக்கேற்றினாள். பிறகு கதிரையில் ஏறிப் புகை அலாரத்துக்கு ஒரு குளியல் தொப்பியை மாட்டினாள். இருபது வருடத்துக்கு முன்னர் ஒருமுறை அது அலறித் தெருவே வந்து நின்றதிலிருந்து அந்தத் தொப்பி வெள்ளிக்கிழமைக்கென்றே இருந்தது. தணல் தட்டோடு அறை அறையாகப் போய், கடைசியில் படிக்குக் கீழிருந்த அலுமாரியைத் திறந்தாள். சாமித்தட்டுக்குப் பக்கத்துச் சுவர் அது. உள்ளே இரும்புப் பெட்டிக்குள் துவக்கு, பக்கத்தில் கொளுக்கியில் பச்சை ஜக்கெட், கீழே சப்பாத்து. தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் மூட்டம் போட்டாள். ஜக்கெட்டின் கம்பளி உள்பக்கம் நன்றாகக் குடித்தது.

சனி விடியற்காலை மைனஸ் ஐந்து. யுவனேஸ்வரன் ஐந்து மணிக்கே கிளம்பினான். ஒன்பதரைக்கு வா என்றவரை மடக்கவேண்டுமென்றால் ஐந்துக்குத்தானே கிளம்பவேண்டும். பண்ணை வாசலில் நின்று செய்தி அனுப்பினான்: யுவனேஸ்வரன், பள்ளம். பிறகு நடந்தான். இறுகிய சேறு காலுக்குக் கீழே கண்ணாடிபோல நொறுங்கியது. இந்தச் சத்தத்துக்கே மான் ஓடாதா என்று தோன்றியது, ஆனால் அப்படித் தோன்றியதை அவன் நம்பவில்லை. மானை ஓட்டுகிறவர் யாரென்றுதான் அவனுக்குத் தெரியுமே.

ஏணியில் ஏறினான். மூன்றாம் படி வழக்கமாகக் கிறீச்சென்று கத்தும். அன்றைக்குக் கத்தவில்லை. குளிருக்கு மரம் இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்க் குந்தினான். பலகையில் யாரோ ஒரு கம்பளத் துண்டு ஆணியடித்திருந்தார்கள். அந்த இருட்டில் தடித்த காற்சட்டைக்கு அதுவும் உறைக்கவில்லை.

வானம் வெளுத்தது. காற்றென்று ஒன்றுமில்லை. அவன் விட்ட மூச்சு வெள்ளையாக வெளியே வந்து, கன்னத்தைத் தாண்டி, மெல்லக் கீழே பள்ளத்துக்குள் இறங்கியது. குளிர்ந்த காற்று பாரம், அது தண்ணீரைப்போலப் பள்ளத்தைத் தேடித்தான் போகும். அவன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். பார்த்தும் யோசிக்கவில்லை. கீழே ஹொலிப் பத்தைக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. பிறகு பல கால்கள் சருகில் ஓடுகிற சரசரப்பு. ஓடையில் சளக் சளக்கென்று சத்தம். பிறகு ஒன்றுமில்லை. யாரோ என் பள்ளத்தைக் கலைக்கிறார்கள், என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

ஏழு, எட்டு, ஒன்பது. கால் விரல்கள் இருப்பதே மறந்துபோனது. பத்தரைக்கு ஓடைக்கு அப்பால் சரிவில் வெயில் விழுந்தது. பத்து ஐம்பதுக்கு ஒரு வெடி. ஒரேயொரு வெடி. கிருஷ்ணராசா இரண்டாவது வெடி வைத்து அவன் கேட்டதில்லை.

அவன் இறங்கினான். அப்போதுதான் ஏணிக்கு அடியில் உறைந்த புல்லில் அதைக் கண்டான். குனிந்து எடுத்தான். விரல் நீளத்தில் வளைந்த ஒரு முறுக்குத் துண்டு. எள்ளும் ஓமமும் போட்ட முறுக்கு. பக்கத்துச் சேற்றில் ஒரு சப்பாத்துத் தடம், இறுகி, அச்சில் வார்த்ததுபோல. அது அவனுடைய தடம் இல்லை. அவன் முறுக்குக் கொண்டுவருகிறவனும் இல்லை. சரே மலையில் எந்தப் பண்ணைக்காரன் எள்ளு முறுக்குத் தின்கிறான்?

பிடித்துவிட்டேன், என்று அவன் உரத்தே சொன்னான். கிழமை நாட்களில், செய்தி அனுப்பாமல், இவர் என் பள்ளத்தில் வந்து வேட்டையாடுகிறார். மான் இந்த இடத்தைக் கண்டாலே ஓடுவது அதனால்தான். பிறகு சனிக்கிழமை வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, ஒன்பதரைக்கு வா மச்சான் என்று புத்தி சொல்கிறார். அவனுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. பத்து மானாகச் சேர்த்துவைத்த அவமானத்துக்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோசம் அது.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் காரை நிறுத்திக் கொலினுக்கு எழுதினான். குடும்பத்தில் கவுன்சிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் எழுதுகிறவன் அவன்தான், நல்ல ஆங்கிலம். நீளமாக எழுதினான். கிருஷ்ணராசா கிழமை நாளில் அறிவிக்காமல் வருகிறார், தடமும் தின்பண்டமும் ஏணிக்கடியில் கிடந்தன என்று எழுதியபிறகு, இது போதுமா என்று வாசித்துப் பார்த்தான். போதாதுபோல இருந்தது. துவக்கோடு வருகிறார் என்று ஒரு சொல்லைச் சேர்த்தான். அதைச் சேர்த்ததும் வசனம் நிமிர்ந்து நின்றது. அனுப்பிவிட்டான்.

கொலின் ஒரு வரியில் நன்றி சொன்னார், ஆடுகள் குட்டி போடுகிற நேரம், பார்க்கிறேன் என்றார். ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க யுவனேஸ்வரன் தன் கைபேசியையும் கௌரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கௌரி அண்ணனோடு வழக்கம்போலக் கதைத்தாள். அவள் சிரித்தால், இவர்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தான். சிரிக்காவிட்டால், தெரிந்துவிட்டது என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கௌரி தணல் தட்டை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய நேரம், வாசல் மணி அடித்தது. பஸ் கொம்பனி உடுப்போடு கிருஷ்ணராசா நின்றார். முகம் கறுத்திருந்தது.

"தங்கச்சி, ஆரோ என்னைப் பற்றிக் கொலினுக்குச் சொல்லிப்போட்டினம்," என்றார். "துவக்கோடை களவாக் காட்டுக்குள்ளை போறன் எண்டு. காட்டை விட்டு நிண்டுகொள் எண்டு எழுதியிருக்கிறான். திங்கக்கிழமை லைசென்ஸ் ஓபிசுக்கும் அறிவிக்கப் போறானாம். அறிவிச்சால் துவக்கு போகும் பிள்ளை. பேந்து எனக்கு ஒருநாளும் தராங்கள்."

கௌரி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, ஆர் அண்ணை அப்பிடிச் சொன்னது?"

"ஆருக்குத் தெரியும்? அந்தப் பாதையாலை நாயோடை ஒரு பொம்பிளை நடக்கிறவள். கறுத்தவனைக் கண்டால் அவளுக்கு ஒரு பார்வை. அவளாத்தான் இருக்கும்."

யுவனேஸ்வரன் சோபாவில் இருந்தான். ஓமாக்கும் என்று சொன்னான்.

"போனதென்னவோ உண்மை," என்று கிருஷ்ணராசா அவன் பக்கம் திரும்பினார். "போன கிழமை புதன் போனனான். துவக்கு வேனிலைகூட இருக்கேல்லை, வீட்டிலை பெட்டிக்குள்ளை பூட்டிக்கிடந்தது. துவக்கில்லாட்டி மெசேஜ் போடத் தேவையில்லைத்தானே? உன்ரை பரணிலை மூண்டாம் படி ஆடுது மச்சான், விழுந்தாயெண்டால் இடுப்பு முறியும். அதை மாத்தினனான். இருக்கிற பலகையிலை ஒரு காப்பெட் துண்டும் அடிச்சுவிட்டன், நீ ஏழு மணித்தியாலம் குந்துற ஆள். நீ கவனிக்கேல்லையோ?"

"கவனிச்சன்," என்றான் யுவனேஸ்வரன்.

"பேந்து பள்ளத்துக்குள்ளை இறங்கிப் பாத்தன். ஏன் உனக்கு மட்டும் வருகுதில்லை எண்டு எனக்கும் பெரிய யோசினை. மச்சான், பத்துப் பன்னிரண்டு மான் படுத்த இடம் கிடக்கு! உன்ரை ஏணியிலை இருந்து எண்பது அடி வராது. சருகு அமத்திக் கிடக்கு, புழுக்கை புதுசு. குளிர் கூடக் கூட அந்தப் பத்தைக்குள்ளைதான் வந்து படுக்குது. நீ வாற சனிக்கிழமையிலை மட்டும் விடியமுதல் எழும்பி ஓடையைக் கடந்து என்ரை பக்கம் ஓடி வருகுது. நான் சுட்டது முழுக்க உன்ரை மான். உன்னிலை ஏதோ ஒரு மணம்..."

அவர் நிறுத்தினார். மூக்கை உயர்த்தினார். எழுந்து போய்ப் படிக்குக் கீழிருந்த அலுமாரியைத் திறந்தார். குபீரென்று புகை வெளியே வந்தது. ஜக்கெட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இருமினார். பிறகு, அந்த நேரத்திலும், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கச்சி! இதென்னடி வேலை? மானுக்குத் திருவிழா காட்டுறியோ?"

"கண்ணூறு கழியட்டும் எண்டு..." கௌரி விக்கித்துப் போனாள். "அவருக்கு வருகுதில்லை எண்டு நான் கூடக்கூடக் காட்டினன்."

"நீ கூடக்கூடக் காட்ட அது தூரத்தூர ஓடியிருக்கு! குளிரிலை மணம் மேலை போகாது பிள்ளை, அப்பிடியே பாய் விரிச்ச மாதிரிப் பள்ளத்துக்குள்ளை இறங்கும். படுத்திருக்கிற மான்ரை மூக்குக்குள்ளை நேரை போகும். நான் என்னத்துக்கு என்ரை ஜக்கெட்டைக் கொட்டிலிலை சருகுக்கை போட்டு வைக்கிறன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கௌரியும் வெட்கத்தோடு சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க எதிர்பார்த்து யுவனேஸ்வரனைப் பார்த்தார்கள். அவன் தன் மூச்சு வெள்ளையாகப் பள்ளத்துக்குள் இறங்கிப் போனதை நினைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேர்த்தது.

"சரி, அதை விடு," என்று கிருஷ்ணராசா இருந்தார். கைபேசியை எடுத்து யுவனேஸ்வரனிடம் நீட்டினார். "மச்சான், உன்ரை இங்கிலீசு நல்லம். கொலினுக்கு நடந்ததை வடிவா ஒரு கடிதமா எழுதித் தா. அந்தச் சொன்ன ஆள் எழுதினதையும் அப்பிடியே வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறான், பேரை மட்டும் எடுத்துப்போட்டு. நான் முழுக்க வாசிக்கேல்லை. ரெண்டு வரிக்கு மேலை வாசிக்க மனம் கேக்கேல்லை. நீ வாசிச்சு அதுக்கு ஏத்தமாதிரிப் பதில் எழுது."

யுவனேஸ்வரன் கையை நீட்டவில்லை. "கண்ணாடி மேலை கிடக்கு," என்றான்.

"தாங்கோ அண்ணை, நான் வாசிக்கிறன்." கௌரி வாங்கினாள். ஆங்கிலத்தை மனதுக்குள் வாசித்து, தமிழில் உரத்துச் சொன்னாள். "அவர் கிழமை நாளிலை அறிவிக்காமல் வாறார்... துவக்கோடை வாறார்... இதாலை மற்ற ஆளின்ரை உயிருக்கு ஆபத்து... ஏணிக்கு நேர கீழை அவரின்ரை சப்பாத்து அடையாளமும், வட்டமாச் சுத்தின பொரிச்ச பலகாரத்திலை ஒரு துண்டும்..."

அவள் நிறுத்தினாள்.

அலுமாரியிலிருந்து வந்த புகை கூடத்தில் இன்னும் நின்றது. அலாரம் தொப்பிக்குள் சத்தமில்லாமல் இருந்தது. கௌரி அந்த வரியை இன்னொருமுறை தனக்குள் வாசித்தாள். அந்த முறுக்கைச் சுட்டது அவள்தான். அந்தப் புதனுக்கு முதல் நாள் சுட்டு, ஒரு பையில் கட்டி, அண்ணன் கையில் கொடுத்துவிட்டவளும் அவள்தான். நாயோடு நடக்கிற பெண் பாதையை விட்டு ஏணிக்கடிக்கு வரமாட்டாள் என்றும் அவளுக்குத் தெரியும்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

கிருஷ்ணராசா தங்கையைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"முறுக்குத் திண்டது சரி," என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. "படியைப் பூட்டிப்போட்டு, அதிலை இருந்துதான் திண்டனான். சப்பாத்தும் என்ரைதான். துவக்கைக் கண்டியோ மச்சான்?"

"காணேல்லை."

"காணாததை ஏன் எழுதினனீ?"

யுவனேஸ்வரனிடம் அதற்குப் பதில் இருந்தது. அந்தச் சொல் இல்லாமல் வசனம் நிற்கவில்லை என்பதுதான் அது. அதை அவன் எப்படிச் சொல்லுவான்?

கிருஷ்ணராசா எழுந்தார். ஜக்கெட்டைக் கொளுக்கியில் திரும்பக் கொழுவி, மடிந்திருந்த கழுத்துப் பட்டியைக்கூட நிமிர்த்திவிட்டார். கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். வாசல் கதவை அவரே சாத்திக்கொண்டு போனார். யுவனேஸ்வரனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. காலில் விழுந்தாலும் தீராது என்று தெரிந்தது.

கௌரி அழவில்லை, கத்தவுமில்லை. மேசையில் கிடந்த அவனுடைய கைபேசியை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள்.

"எடுங்கோ. வேன் வெளிக்கிடமுதல் எடுங்கோ. எனக்குக் கேக்கத்தக்கதாப் போடுங்கோ."

மணி நான்குமுறை அடித்தது. கொலின் எடுத்தார், பின்னால் ஆட்டுக்குட்டிகள் கத்தின. யுவனேஸ்வரன் நல்ல ஆங்கிலத்தில் தொடங்கினான். மூன்றாவது வசனத்தில் நல்ல ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. துவக்கை நான் காணவில்லை, படியைத் திருத்த வந்தவர், என் பிழை, என்று பிள்ளைகள் சொல்வதுபோலத் துண்டு துண்டாகச் சொன்னான். கொலின் முழுவதையும் கேட்டார். பிறகு, கிருஷ்ணராசாவுக்குத் தான் இப்போதே சொல்வதாகச் சொன்னார், லைசென்ஸ் ஓபிசுக்கு ஒன்றும் போகாது என்றார். இன்னும் ஒன்று சொன்னார். இல்லாத துவக்கைப் பார்க்கிற ஆளைத் துவக்கோடு என் காட்டில் வைத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது, வாசல் பூட்டின் திறப்பைத் தபாலில் அனுப்பிவிடு. நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வேன் இன்னும் நின்றது. அதற்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவர் கைபேசியைக் காதில் வைத்திருந்தார். பிறகு வெளிச்சம் அணைந்தது. வேன் கிளம்பிப் போனது.

மார்ச் கடைசியில் இன்னொருமுறை குளிர் இறுகியது. முப்பதாம் திகதி கிருஷ்ணராசா பதினாறாவது பிணையை வீழ்த்தினார். கடைசி ஆறையும் அவர் பள்ளத்துப் பரணில் இருந்துதான் சுட்டார், பத்து மணிக்குமேல், ஒவ்வொரு வெடியில். கௌரிக்கு அவரே சொன்னார். காலும் தொடையும் வழக்கம்போல வந்தன, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. ஷிப்ட் முடிந்து போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தித் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டுப் போவார். கௌரி சமைத்தாள். யுவனேஸ்வரன் தின்றான். வாயில் வைத்தால் விழுங்கக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கௌரி அலாரத்துக்குத் தொப்பி மாட்டி, தணல் தட்டோடு அறை அறையாகப் போனாள். படிக்குக் கீழ் அலுமாரியைத் திறந்தாள். யுவனேஸ்வரன் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடந்த ஒரு மாதமாக அவள் அந்தக் கதவைத் திறந்ததில்லை. ஜக்கெட்டுக்கு முன்னால் தட்டைப் பிடித்து, உள்ளும் புறமும், ஜக்கெட்டின் கைகளைத் தூக்கித் தூக்கி, ஆறுதலாகக் காட்டினாள்.

"உதுக்கு என்னத்துக்கு இப்ப?" என்று அவன் கேட்டான்.

கௌரி திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு பிடி சாம்பிராணியைத் தணலில் போட்டாள்.

"இனி மணந்தால் என்ன," என்றாள். "ஆர் கிட்ட வரப்போகினம்?"